எட்டுக் கட்டத்தில் ஆறு பேர்

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக்கோ, அங்கே கூட்டம் தாங்காது என்று சேதுக்கரைக்கோ போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். ஈர வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் கையில் எள்ளையும் தண்ணீரையும் விட்டுக்கொண்டே ஐயர் கேட்பார்: "அப்பா பேர்? தாத்தா பேர்? அவருக்கு அப்பா பேர்?" முதல் இரண்டும் சட்டென்று வந்துவிடும். மூன்றாவதில் கொஞ்சம் திணறல். "சரி, அம்மா வழி சொல்லுங்க" என்றதும் ஆள் முழிக்கத் தொடங்குவார். கரையில் நின்றபடியே போனைக் காதில் வைத்து, "அத்தை, நம்ம தாத்தாவோட ஆத்தா பேரு என்ன?" என்று அலைச்சத்தத்துக்கு மேலே கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐயருக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார். தெரியாத பேரை விட்டுவிட்டு மேலே போய்விடுவார்.

மரபியல் மருத்துவரிடம் போனாலும் இதே மூன்று தலைமுறையைத்தான் கேட்கிறார்கள். கேள்வி மட்டும் கொஞ்சம் வேறு. பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை. எத்தனை பிள்ளைகள், எது தங்கியது, எது தங்கவில்லை, யார் எந்த வயதில் எதனால் போனார்கள், சொந்தத்தில் கட்டினார்களா? இதை ஒரு தாளில் படமாக வரைவார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தவர்களின் கட்டத்துக்குள் கறுப்பு மை. கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே ஒரு கோடு. அவர்கள் முன்பே சொந்தக்காரர்கள் என்றால் இரண்டு கோடு.

நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் பல வீடுகளின் படத்தில் இந்த இரட்டைக் கோடு விழும். தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று இரத்த உறவுக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டின் சராசரியைப் போல இது இரண்டு மடங்குக்கும் மேல்.

எங்கள் வீட்டுப் படத்தை நானே ஒரு நாள் வரைந்து பார்த்தேன். அப்பா கட்டியது அவருடைய மாமன் மகளை. அதாவது என் அப்பத்தாவும் அம்மாவின் அப்பாவும் அக்கா தம்பி. நான் கீழே; மேலே அப்பா, அம்மா; அதற்கு மேலே நாலு; அதற்கும் மேலே எட்டு. எட்டுக் கட்டம் போட்டு வைத்துக்கொண்டு அப்பத்தாவிடம் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தவர், அம்மா பக்கம் வந்ததும் சிரித்துவிட்டார். "எட்டுப் பேருக்கு எங்கடா போக? எங்காத்தாவும் எங்கய்யாவும்தான் அங்கிட்டும், இங்கிட்டும்." எட்டுக் கட்டத்தில் ஆறு பேர்தான் இருந்தார்கள். இரண்டு பேர் இரண்டு முறை உட்கார்ந்திருந்தார்கள்.

உறவுக்குள் கட்டுவது மரபணுக் கணக்கில் என்ன செய்கிறது என்று கேட்டால், அந்தத் தாளைத்தான் காட்டுவேன்.

கணக்கு சின்னதுதான். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதியாக வருகிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. 23 ஜோடிக் குரோமோசோம்கள், அவற்றில் சுமார் 20,000 மரபணுக்கள். பெற்ற பிள்ளையோடு நாம் பங்கிடுவது பாதி. அக்கா, தம்பியோடும் சராசரியாகப் பாதி. அக்கா மகளோடு கால் பங்கு. மாமன் மகளோடும் அத்தை மகளோடும் அரைக்கால், அதாவது 12.5 சதவீதம்.

இப்போது ஒரு சங்கடமான கேள்வி. பெரியப்பா மகளோடு எவ்வளவு? அதே அரைக்கால். சித்தி மகளோடு? அதுவும் அரைக்கால்.

இங்கேதான் நம் முறையும் மரபணுவும் வெவ்வேறு பாதையில் பிரிகின்றன. நம் மொழியில் பெரியப்பா மகள் அக்கா, தங்கை. பங்காளி வீட்டுப் பெண். கட்டுவதைப் பற்றி நினைத்தாலே அடி விழும். அத்தை மகள் முறைப்பெண். பிறந்த அன்றே "என் மருமக பொறந்துட்டா" என்று சொல்லிவிடுவார்கள். லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர், உலகின் உறவுப் பெயர்களையெல்லாம் திரட்டி 1871-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், தமிழர்களின் இந்த ஏற்பாடும் தன் நாட்டு இரோக்குவாப் பழங்குடிகளின் ஏற்பாடும் பெரிதும் ஒத்துப்போவதைக் கண்டு அசந்துபோனார். அப்பாவின் அண்ணன் தம்பியும் அப்பாதான், அம்மாவின் அக்கா தங்கையும் அம்மாதான், அவர்கள் பிள்ளைகள் உடன்பிறப்புகள். அப்பாவின் அக்கா தங்கையும் அம்மாவின் அண்ணன் தம்பியும் வேறு கட்சி. வெகு அழகான கணக்கு. ஆனால் அது சமூகம் போட்ட கணக்கு. மரபணுவுக்கு மாமன் தெரியாது, சித்தப்பன் தெரியாது.

இந்தக் கரையில் உறவை எண்ணும் கணக்கு ஒன்றுதான் என்றும் சொல்ல முடியாது. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை ஒரு சுற்று வந்தால் நாலைந்து கணக்கு கிடைக்கும். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் தாய்மாமன், அக்கா மகள் திருமணத்தைத் தடைசெய்யப்பட்ட உறவில் வைத்துவிட்டு, கூடவே "வழக்கம் இருந்தால் சரி" என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. நம் பக்கத்தில் அந்த வாசல் வழியாகத்தான் எல்லோரும் போய்வருகிறோம். கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ ஒரு முஸ்லிம் வீட்டில் அக்கா மகளைக் கட்டும் பேச்சே எழாது. குர்ஆன் அதைத் தெளிவாக விலக்கியிருக்கிறது. ஆனால் சித்தப்பா மகளைக் கட்ட அங்கே மார்க்கத்தில் தடை இல்லை. இருந்தும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலும் அப்படிக் கட்டுவதில்லை. காக்கா (அண்ணன்), ராத்தா (அக்கா) என்று கூப்பிட்டு வளர்ந்த உறவாயிற்றே. மார்க்கம் ஒரு பக்கம், மொழி ஒரு பக்கம் இழுத்தால் மொழி ஜெயிக்கிறது. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று மாமன் மகளைப் பேசினால், பங்குச்சாமியார் உறவை விசாரித்து ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டும். ஒரே கடல், ஒரே மீன், ஒரே மொழி. ஒருவருக்கு முறைப்பெண்ணாக இருப்பவள் இன்னொருவருக்கு விலக்கப்பட்ட உறவு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கொண்டையங்கோட்டை மறவர்களின் கிளை. கிளை அங்கே தாய் வழியாக வருகிறது. அம்மா எந்தக் கிளையோ பிள்ளைகளும் அந்தக் கிளை. ஒரே கிளைக்குள் கட்டக்கூடாது. இந்தக் கணக்குப்படி அக்கா மகள் தன் சொந்தக் கிளை; கட்ட வழியில்லை. அத்தை மகளும் மாமன் மகளும் வேறு கிளை, கட்டலாம். நம் உடம்பிலும் இதே வழியில் வருகிற ஒன்று உண்டு. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா தன் சின்ன டி.என்.ஏ.வோடு தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. மகனுக்கும் கிடைக்கும், ஆனால் அவன் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியாது. கிளைக்கும் அதே விதி. கீழக்கரையில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இப்படித்தான்: உம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு. மாப்பிள்ளை வந்து சேருகிறவர்.

இதற்கு எதிர்ப்பக்கம் குலதெய்வம். அது அப்பா வழி. மாசி சிவராத்திரிக்கு ஒரே கோயிலில் பொங்கல் வைக்கக் கூடும் பங்காளிகள் எல்லோரிடமும், வம்சம் முறிந்து தத்து ஏதும் வராதிருந்தால், ஒரே மூதாதையின் ஒய் குரோமோசோம் இருக்கும். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் கைமாறுவது அது. ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்பதைத் தீர்மானிப்பதும் அந்த ஒய்தான். அதைக் கொடுப்பவன் தகப்பன். "வரிசையாப் பொட்டப் புள்ளையாப் பெத்துப் போட்டா" என்று மருமகளைக் கரித்துக் கொட்டிய மாமியார்கள் எல்லாம் ஆளை மாற்றித் திட்டியிருக்கிறார்கள்.

கிளையும் சரி, குலதெய்வமும் சரி, பெரிய வடத்திலிருந்து ஒரே ஒரு இழையைத்தான் பிடித்துக்கொள்கின்றன. பத்துத் தலைமுறைக்கு மேலே போனால் நமக்கு 1,024 கட்டங்கள். ஒய் அதில் ஒரே ஒரு கட்டத்தின் கதை; மைட்டோகாண்ட்ரியா இன்னொரு கட்டத்தின் கதை. மற்ற 1,022 கட்டங்களிலும் ஆள் இருந்தார்கள். மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் சேர்ந்து செய்த ஆய்வில், மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்துக்காரரிடம் எம்130 என்ற ஒய் அடையாளம் கிடைத்தபோது, "இந்தியாவின் முதல் மனிதன்" என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. ஆப்பிரிக்காவிலிருந்து 50,000, 60,000 ஆண்டுகளுக்கு முன் கடலோரமாகவே நடந்து ஆஸ்திரேலியா வரை போனவர்களின் தடம் அது. உண்மையிலேயே பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த அடையாளம் இல்லை என்றால் அவர் நேற்று வந்தவர் என்று பொருள் இல்லை. அந்தக் கடலோர நடைக்காரர்கள் அவருடைய வேறொரு கட்டத்தில் இருக்கலாம். ஒரு இழையை வைத்து "நாங்கதான் மூத்தகுடி" என்று போஸ்டர் அடிப்பவர்களுக்கு இது பிடிக்காது. (அந்தப் பனியுகத்தில் கடல் 100 மீட்டருக்கும் கீழே இறங்கிக் கிடந்த காலங்களில் பாக் நீரிணையே தரைதான். தனுஷ்கோடியிலிருந்து மன்னாருக்குப் படகு வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம்.)

சரி, அரைக்கால் பங்குக்கு வருவோம். அதனால் என்ன?

நம் ஒவ்வொருவரிடமும் பழுதான மரபணு சில இருக்கின்றன. இரண்டு பிரதியில் ஒன்று பழுதானால் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும், நமக்கே தெரியாது. பள்ளிக்கூடப் பாடத்தில் இதை ஒடுங்கு பண்பு என்று படித்திருப்போம், மெண்டலின் பட்டாணிச் செடியோடு. அப்படி ஒரு பிரதி மட்டும் வைத்திருப்பவரை மருத்துவர்கள் கேரியர் என்பார்கள். கேரியருக்கு நோய் இல்லை. கணவன், மனைவி இருவரும் ஒரே பழுதுக்குக் கேரியராக அமைந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம்.

நூறு பேரில் ஒருவர் கேரியராக இருக்கும் ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். உறவே இல்லாத இருவர் கட்டினால் பிள்ளைக்கு அந்த நோய் வர 40,000-இல் ஒரு வாய்ப்பு. மாமன் மகளைக் கட்டினால், இவன் கேரியர் என்றால் அவளிடமும் அதே பழுது இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆக மொத்தம் தோராயமாக 3,200-இல் ஒன்று. அக்கா மகள் என்றால் 1,600-இல் ஒன்று. நோய் எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்கு இந்த இடைவெளி பெரிதாகும்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எந்தத் தம்பதிக்கும் பிறக்கும் நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்றுக்கு ஏதாவது பெரிய பிறவிக் குறை இருக்கும். மாமன் மகள், அத்தை மகள் திருமணத்தில் அது ஏறத்தாழ ஐந்து ஆறு ஆகிறது. தொண்ணூறுக்கு மேல் நன்றாகவே பிறக்கின்றன. அதனால்தான் "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து கட்டுறோம், என்ன ஆகிப்போச்சு?" என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துத் தெருவில் ஆனது. அதை அந்த வீட்டுக்காரர்கள் வெளியே சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் சாபம். பித்ரு தோஷம், நாக தோஷம் என்று எங்கெங்கிருந்தோ ராமேஸ்வரம் வந்து நாகர் சிலை வைத்துப் போகிறார்கள். "மூணாவது தலைமுறையில வந்து அடிக்கும்" என்று பெரியவர்கள் சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. கவனித்தது சரி. ஒடுங்கு பண்பு அப்படியேதான் நடந்துகொள்ளும். இரண்டு தலைமுறை ஒளிந்திருந்து, மூன்றாவதில் இரட்டைக் கோடு விழுந்த இடத்தில் எட்டிப் பார்க்கும். கண் பார்த்தது மெய். காரணம் சொன்ன இடத்தில்தான் தவறிவிட்டார்கள், அந்தத் தவறின் பாரத்தை ஒரு தாய் சுமந்தாள்.

பிறவிக் காதுகேளாமையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே காது கேளாதவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்காவது காரணம் மரபணு. அதில் நம் நாட்டில் அதிகம் பேசப்படும் மரபணு கானெக்சின் 26 என்ற புரதத்துக்கானது. உள்காதில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சின்னக் கால்வாய் போடும் புரதம் அது. 226 மணிகள் கோத்த மாலை. இந்தியர்களிடம் பரவலாகக் காணப்படும் பழுதில், 24-ஆவது மணிக்கான இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறி "இத்தோடு நிறுத்து" என்று ஆகிவிடுகிறது. 23 மணியோடு மாலை அறுந்துபோகும். இரண்டு பிரதியும் அப்படி என்றால் குழந்தைக்குக் காது கேட்காது. மற்றபடி அறிவிலோ கை காலிலோ எந்தக் குறையும் இல்லை, தொண்டையிலும் இல்லை. கேட்காததால்தான் பேச்சு வரவில்லை. நாம் அதற்கு ஊமை என்று பேர் வைத்து, ஐந்து வயதில் நாக்கில் வேல் குத்த நேர்ந்துகொள்கிறோம். பிறந்த சில நாளில் காதில் ஒரு சின்னக் குழாயை வைத்துச் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிற பரிசோதனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே உள்காதில் கருவி வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். ஆனால் சின்ன வயதிலேயே செய்ய வேண்டும். மூளை பேச்சைக் கற்கும் காலம் தாண்டிவிட்டால் கருவி வைத்தும் பெரிய பலன் இல்லை. "எங்க வீட்ல எல்லாருக்கும் பேச்சு லேட்டாத்தான் வரும்" என்று காத்திருப்பதில் போகிற வருடங்கள் திரும்பி வராது.

இன்னொன்று. காது கேளாத இருவர் கட்டினால் பிள்ளையும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இருவருக்கும் வெவ்வேறு மரபணுவில் பழுது என்றால், பெரும்பாலும் பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும். எந்த மரபணு என்று தெரியாமல் எந்த ஜோசியமும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் கேட்ட ஒரு நண்பர், "அப்ப வெளியில கட்டிட்டா முடிஞ்சுது" என்றார். அவ்வளவு சுலபம் இல்லை. அவர் சொன்ன வெளி, அதே சாதிக்குள் இன்னொரு ஊர். தேவிபட்டினத்துக்குப் பதிலாக ஏர்வாடி.

ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜும் அமெரிக்காவின் டேவிட் ரெய்க்கும் சேர்ந்து பத்து வருடத்துக்கும் மேலாக இதைத் துருவினார்கள். 2009-இல், இன்றைய இந்தியர் அநேகமாக எல்லோரும் பழைய இரண்டு பெரிய மக்கள்திரள்களின் கலப்பு என்று காட்டினார்கள். 2013-இல், அந்தக் கலப்பு சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை நடந்தது, அப்புறம் அவரவர் கதவை அடைத்துக்கொண்டார்கள் என்றார்கள். 2017-இல் வந்த ஆய்வு நேராக மருத்துவத்தைத் தொட்டது. ஒரு சிறிய கூட்டம் பிரிந்து வந்து, பல நூறு ஆண்டு தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டால், அந்த முதல் சில பேரிடம் இருந்த பழுது எதுவோ அது அந்தச் சமூகம் முழுக்கப் பெருகும். தெற்காசியாவில் அவர்கள் பார்த்த 260-க்கு மேற்பட்ட குழுக்களில் 81 குழுக்களுக்கு இந்த இறுக்கம், உலகமே உதாரணம் காட்டும் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கனாசி எனப்படும் ஐரோப்பிய யூதர்களையும்விட அதிகம். நம் பக்கம் தெரிந்த உதாரணம் ஆரிய வைசியர்கள்: அவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தை உடைக்கும் நொதி போதுமான அளவு இருப்பதில்லை. மற்றவர்களுக்குச் சில நிமிடத்தில் தெளிவது அவர்களுக்கு மணிக்கணக்கில் தெளியாது. விவரம் தெரிந்த மயக்க மருத்துவர் முதலிலேயே கேட்டுவிடுவார். சாதியைக் கேட்பது சங்கடமான கேள்விதான். ஆனால் அந்த மேசையில் அது உயிர் காக்கும் கேள்வி.

ஆக, கடலோரத்தில் நாலு ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஒரு மீனவச் சமூகத்தில், "தூரத்துச் சொந்தம்கூட இல்லை" என்று சொல்லும் ஜோடியின் தாளில் இரட்டைக் கோடு விழாமலே கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கலாம். நம் ஞாபகம் மூன்று தலைமுறையில் முடிந்துவிடுகிறது.

எல்லா நோயும் ஒடுங்கியே இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதயத்தசையில் வேலை செய்யும் ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றத்தை மதுரையில் ஆய்வைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணி குழுவினர் 2009-இல் உலகுக்குச் சொன்னார்கள். தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் அது இருக்கிறது. இதற்கு ஒரு பிரதியே போதும். இருப்பவர்கள் எல்லோரும் நோயாளி ஆவதில்லை, ஆனால் வயது ஏற ஏற இதயத்தசை பலவீனப்படும் வாய்ப்பு அதிகம். "எங்க ஐயாவும் வலை இழுக்கையிலே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாக, சித்தப்பாவும் அப்படித்தான்" என்று ஒரு வீட்டில் சொன்னால், அந்த வாக்கியம் ஒரு மருத்துவருக்கு அரை ரிப்போர்ட். சர்க்கரையில் நிலைமை வேறு. "சுகர் எங்க குடும்பச் சொத்து" என்பவர்களிடம் மரபணு இருப்பது உண்மைதான். அதே அடுப்படியும் தலைமுறையாக இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது லேசில்லை.

ஏர்வாடியைச் சொல்லாமல் இந்தக் கரையில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்கா ஊரில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. மனநோய் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அப்படிப்பட்ட கொட்டகைகள் மூடப்பட்டன. அங்கே விட்டுப்போனவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல முடியாது. பல வீடுகளில் அடுத்ததாக ஒரு தங்கைக்குக் கல்யாணம் பேச வேண்டியிருந்தது. "அந்த வீட்ல ஒரு பைத்தியம் உண்டு" என்ற ஒரு வரி போதும், பேச்சு முறிய.

அந்த வரிக்குப் பின்னால் இருப்பது அரைகுறை மரபியல். ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயை வைத்துப் பார்ப்போம். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வருகிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர நூறில் சுமார் பத்து வாய்ப்பு. பத்து மடங்கு என்பது உண்மை. தொண்ணூறு பேருக்கு வராது என்பதும் உண்மை. ஒரே கருவிலிருந்து பிரிந்த, மரபணு முழுக்க ஒன்றேயான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வர ஏறத்தாழ பாதி வாய்ப்புதான். அச்சு அசலாக அதே மரபணு, பாதிப் பேருக்கு நோயே இல்லை. மரபணு விதி என்று நினைப்பவர்கள் இந்த இரட்டையரை மறந்துவிடக் கூடாது. மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பின் நோய் கண்டால், "தலைப்பிரசவத்துல பயந்துட்டா" என்று தாயத்துக் கட்டுவார்கள். அம்மாவின் தங்கைக்கும் அப்படி ஆயிற்று என்ற தகவல் மட்டும் மருத்துவரிடம் போய்ச் சேராது.

ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் வந்துவிட்டது. மரபணுப் பரிசோதனை எல்லாம் நம் கைக்கு எட்டும் தூரத்துக்கு மெல்ல வந்துகொண்டிருக்கிறது. ஆனால் பரிசோதனைக்கே எதைத் தேடுவது என்று தெரிய வேண்டும். அந்தத் துப்பு அப்பத்தாக்களிடமும் உம்மம்மாக்களிடமும் இருக்கிறது. அதுவும் பேர் பேராக இல்லை, பட்டப்பேராக இருக்கிறது. நொண்டியப்பன் வீடு, மாறுகண்ணி மகன், ஊமைச்சி தோப்பு. ஊர் தன் மருத்துவப் பதிவேட்டைக் கேலியாகவே எழுதி வைத்திருக்கிறது.

எங்கள் தாளிலும் அப்படி ஒன்று வந்தது. எட்டுக் கட்டத்தை முடித்த பிறகு, ஒவ்வொருவருக்கும் உடன்பிறந்தவர்களைக் கேட்டுக்கொண்டு வந்தேன். "நான், ஒங்க தாத்தா, அப்புறம் ஊமைச்சி" என்றார் அப்பத்தா, வெற்றிலையைத் தடவிக்கொண்டே. அப்படி ஒருவர் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். கல்யாணம் ஆகவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டு வீட்டோடு இருந்து, நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாராம்.

பென்சிலை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். அவருக்கு மரபணுக் காரணம் என்றால், அவரைப் பெற்ற இருவரும் கேரியர்கள். அந்த இருவர்தான் எங்கள் தாளில் இரண்டு முறை உட்கார்ந்திருப்பவர்கள். காது கேட்கும் அப்பத்தா கேரியராக இருக்க மூன்றில் இரண்டு, தாத்தாவுக்கும் அதே. அங்கிருந்து அப்பாவுக்கு வர மூன்றில் ஒன்று, அம்மாவுக்கும் மூன்றில் ஒன்று. அப்படியானால் எனக்கும் என் தம்பிக்கும் பிறவியிலேயே காது கேளாமல் போக 36-இல் ஒரு வாய்ப்பு இருந்திருக்கிறது. எங்கள் கல்யாணப் பேச்சிலோ பிரசவ அட்டையிலோ அந்த எண் எங்கும் இல்லை.

"பிறந்ததிலேர்ந்தே காது கேக்காதா அப்பத்தா?" என்று கேட்டேன். காய்ச்சலால் போன காது என்றால் மேலே போட்ட கணக்கு முழுக்க வீண்.

"அம்மை போட்டுச்சு, அதுலதான் போச்சுன்னு எங்காத்தா சொல்லும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஆனா அதுக்கு முன்னாடியும் கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. ஆளைப் பார்த்தாத்தான் ஓடியாருவா."

வட்டத்துக்குள் மை அடைக்காமல் ஒரு கேள்விக்குறி போட்டேன். கீழே எழுத, பேர் என்ன என்று கேட்டேன்.

"பேரு வச்சாகளே... கோயில்ல வச்சுத்தான் வச்சாக" என்றார் அப்பத்தா. வெற்றிலை கையிலேயே இருந்தது. "யாரும் கூப்பிடலையேடா. கூப்பிட்டாத்தான் அவளுக்குக் கேக்காதே."